ஆயாவின் குரலும் நான்கு டி.வி.டி டிரைவ்களும்

உங்கள் வீட்டு பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கு அடியிலோ, எல்.ஐ.சி பாண்டும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள்ளோ ஒரு கல்யாண டி.வி.டி நிச்சயம் இருக்கும். மேலே மாப்பிள்ளை, பொண்ணு படம் போட்ட ஸ்டிக்கர். ஓரத்தில் இரண்டு ரோஜாப்பூ, ஒரு இதயம். கடைசியாக அதைப் போட்டுப் பார்த்தது எப்போது என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. மீதிப் பேர், "போட்டுப் பார்க்க வீட்ல என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஏம்பலத்தில் எங்கள் வீட்டிலும் அந்தக் கதைதான். டி.வி.டி பிளேயர் இருந்தது. அதன் தட்டு உள்ளே போகும், வெளியே வரும், ஆனால் எதையும் படிக்காது. பிறகு அதன் மேல் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்தது. பிறகு பிளேயர் பரணுக்குப் போனது. யாருக்கும் வருத்தமில்லை. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

நிச்சயதார்த்தம் முடிந்த அன்று அத்தை கேட்டார். "மாப்ளயும் பொண்ணும் மறுவீடு வரும்போது ஆரத்திப் பாட்டு யாரு பாடுறது? அம்மா இருந்தா கவலையில்ல. எனக்கு முதல் ரெண்டு அடிதான் தெரியும். என் கல்யாணத்துல அம்மா முழுசா பாடினாங்கல்ல, அந்த சிடியப் போட்டு எழுதிக் குடேன். பேப்பர்ல வேல பாக்குற, இது கூட முடியாதா?"

நான் வேலை பார்ப்பது பேப்பரில் இல்லை, வெப்சைட்டில் என்பதை அத்தைக்குப் புரிய வைக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன்.

அத்தையின் கல்யாணம் 2008 தை மாதம் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 2016-ல் இறந்துபோனார். ஆயாவின் போட்டோ இருக்கிறது, மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். ஆனால் ஆயாவின் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தக் கல்யாண வீடியோவின் கடைசிப் பகுதி மட்டும்தான். அதிலும் ஆயா தெரியமாட்டார். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டதால் ஆரத்தித் தட்டை எடுக்கவோ, வாசலில் முன்னால் வந்து நிற்கவோ ஆயாவுக்கு அனுமதி கிடையாது. பெற்ற மகளுக்கே கிடையாது. பெரியம்மாவும் எதிர்வீட்டு அம்மாவும் தட்டைச் சுற்ற, ஆயா நிலைப்படிக்கு உள்ளே கதவோரம் நின்று பாடினார். கேமரா ஆரத்தித் தட்டையே காட்டிக்கொண்டிருக்கும். குரல் மட்டும் உள்ளிருந்து வரும். சின்ன வயதில் அந்த வீடியோவை நூறு முறை பார்த்திருப்பேன். அதில் இருக்கும் கொடுமை எனக்கு உறைக்கக் கல்லூரி வரை ஆனது.

ஆல்பம் எங்கே என்று கேட்பீர்கள். அத்தையைக் கட்டிக்கொடுத்தது பாகூர் பக்கம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 50 செ.மீட்டரை நெருங்கிய மழை. அது ஓய்ந்த அடுத்த நாளே சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அத்தை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் ஊறி, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, கல்யாணமே ஒரு செங்கல்லாகிவிட்டது. அதோடு நனைந்த டி.வி.டி-க்களை அத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து எடுத்துவைத்திருந்தார். சரியான வேலை. டி.வி.டி என்பது 0.6 மி.மீ கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்வது. எழுதிய விஷயம் நடுவில் பத்திரமாக இருக்கும். கொஞ்ச நேரத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. பழைய சி.டி அப்படியல்ல. அதில் பதிவு மேல்பக்கத்து லேபிளுக்கு நேர் கீழேயே இருக்கும், ஒரு பால்பாயின்ட் பேனா போதும் காலி பண்ண.

அதன்பிறகு அத்தை வீட்டில் யாரோ கொடுத்த யோசனைப்படி டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சில ஊர்களில் பேஸ்ட், சில ஊர்களில் வாழைப்பழம். மேலோட்டமான கீறல் இருந்தால் பேஸ்ட் கொஞ்சம் மழுப்பிக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் நம் வீட்டு டி.வி.டி-களின் பிரச்னை பெரும்பாலும் கீறல் இல்லை. கடையில் விற்கும் சினிமா டி.வி.டி-யில் படம் அச்சில் அழுத்தி எடுத்த பள்ளங்களாக இருக்கும். ஸ்டுடியோவில் 'எழுதிய' டி.வி.டி-யில் பள்ளமே கிடையாது. ஒரு சாயம் பூசியிருப்பார்கள், 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி புள்ளியாக அடையாளம் வைக்கும். சாயம் என்றால் புடவைச் சாயம் போலத்தான். வெயிலும் சூடும் பட்டால் வெளுக்கும். பல்பொடி வெளுத்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவராது.

ஆக, என் கையில் இரண்டு டிஸ்க். எனக்கு வேண்டியது இரண்டாவது. முகூர்த்தம், பந்தி, கிப்ட் கொடுக்கும் வரிசை (அது மட்டும் முப்பது நிமிடம், ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்வரை விடமாட்டார்கள்), கடைசியில் மறுவீடு, ஆரத்தி. மொத்தம் 1 மணி 35 நிமிடம். டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

இதில் ஒரு சிக்கல். டி.வி.டி-யில் பதிவு நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும். நம் கிராமபோன் தட்டுக்கு நேரெதிர். அதனால் கடைசிக் காட்சி எப்போதும் வெளி விளிம்பில் இருக்கும். கைரேகை படுவது விளிம்பில். கவரில் உரசுவது விளிம்பில். எழுதும்போது வேகம் அதிகமாக இருப்பதும் விளிம்பில். ஆயா நின்றது கதவோரம். பாட்டு பதிவானது தட்டின் ஓரம்.

என் லேப்டாப்பில் டிரைவ் இல்லை. இப்போது வரும் எதிலும் இல்லை. அத்தைக்குக் கல்யாணம் நடந்த அதே 2008 ஜனவரியில்தான் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினார். அதில் டிஸ்க் டிரைவே கிடையாது. இங்கே ஏம்பலத்தில் அப்போதுதான் வி.சி.டி-யிலிருந்து டி.வி.டி-க்கு மாறியிருந்தோம்.

முதலில் செய்ததை எல்லோரும் செய்வார்கள். ஆன்லைனில் தேடினேன். வெளியிலிருந்து யு.எஸ்.பி-யில் மாட்டும் டி.வி.டி ரைட்டர்கள் இரண்டு வகையாக வருகின்றன. எல்.ஜி, ஏசுஸ், ஹெச்.பி, டெல் மாதிரி தெரிந்த பெயர்கள் ஒரு பக்கம். பெயரே வாயில் நுழையாத கம்பெனிகள் இன்னொரு பக்கம், பாதி விலைக்கும் குறைவு. விலை குறைந்தவற்றின் விளம்பரத்தில்தான் அம்சங்கள் அதிகம். யு.எஸ்.பி 3.0, டைப்-சி, மெமரி கார்டு ஓட்டை, ஓரத்தில் நீல விளக்கு. இதில் யு.எஸ்.பி 3.0 என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டி.வி.டி-யில் 1 எக்ஸ் வேகம் என்பது வினாடிக்கு சுமார் 1.4 எம்.பி. இந்த ஒல்லி டிரைவ்களின் உச்ச வேகமே 8 எக்ஸ், அதாவது 11 எம்.பி. பழைய யு.எஸ்.பி 2.0-வே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும். மாட்டு வண்டி போக எட்டு வழிச்சாலை எதற்கு?

விலை குறைந்த ஒன்றையே முதலில் வாங்கினேன். பிறகு அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து பெயர் பெற்ற கம்பெனியின் வெளி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கினேன். சித்தப்பா மகனின் பழைய லேப்டாப்பில் உள்ளேயே ஒரு டிரைவ் இருந்தது. ஆக மூன்று. எந்த டிரைவ் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு டிஸ்க்கை வைத்துக் கம்பெனிகளுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. ஆனால் ஒரே டிஸ்க்கை மூன்று டிரைவ்கள் மூன்று விதமாகப் படித்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீல விளக்கு டிரைவ் 1 மணி 20 நிமிடம் வரை ஒழுங்காக ஓடியது. பிறகு 'டக் டக்' என்று அடித்துக்கொண்டது. பிறகு டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது. லேப்டாப் டிரைவ் 1 மணி 27 வரை போனது. சரியாக அத்தையும் மாமாவும் காரிலிருந்து இறங்கும் இடம். அத்தையின் ஒரு கால் தரையில், ஒரு கால் காரில், அப்படியே உறைந்துவிட்டது. நண்பரின் டிரைவ் வாசல் வரை கூட்டிப்போனது. ஆரத்தித் தட்டு தெரிகிறது. பெரியம்மா குனிகிறார். உள்ளிருந்து ஆயாவின் குரல் ஒரு சொல் தொடங்குகிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அவ்வளவுதான். ஆறு முறை போட்டுப் பார்த்தேன். ஆறு முறையும் அந்த ஒரு சொல்.

ஒரே தட்டு எப்படி ஒன்றுக்குத் தெரிகிறது, ஒன்றுக்குத் தெரியவில்லை? டி.வி.டி-யில் எழுதும்போதே பிழை திருத்தும் கணக்கு ஒன்றையும் சேர்த்தே எழுதுவார்கள். 32 கே.பி ஒரு கட்டு. ஒரு கட்டுக்குள் கொஞ்சம் புள்ளிகள் அழிந்தாலும் மீதியை வைத்து டிரைவ் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. அழிவு ஓர் அளவைத் தாண்டினால் அந்தக் கட்டு மொத்தமும் போச்சு. மங்கிய புள்ளியை எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறது, வளைந்த தட்டில் லேசரை எவ்வளவு விடாமல் பிடித்துப் போகிறது, படிக்க முடியாத இடத்தில் வேகத்தைக் குறைத்து மறுபடி முயல்கிறதா, அல்லது கையை விரித்துவிடுகிறதா, இதெல்லாம் டிரைவுக்கு டிரைவ் மாறும். பெட்டி மேல் இது எதையும் அச்சடிப்பதில்லை. 

"ஸ்டுடியோ மாமாவப் போய்ப் பாரேன்" என்றார் அப்பா. அந்த வீடியோவை எடுத்தவரே அவர்தான்.

ஸ்டுடியோ மாமா இப்போது ஸ்டுடியோ வைத்திருக்கவில்லை. அதே கடையில் ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒரிஜினல் டேப் இருக்குமா என்று கேட்டேன். சிரித்தார். "மினி டிவி டேப் பாப்பா. அத்தை கல்யாணம் எடிட் முடிஞ்சதும் அதே டேப்பு அடுத்த முகூர்த்தத்துக்குப் போயிருக்கும். ஒரு டேப்புல நாலஞ்சு கல்யாணம் ஓட்டுவோம்." ஆக, அத்தை பீரோவில் இருப்பதுதான் ஒரிஜினல், நகல் எல்லாமே.

பேச்சு டிரைவ் பக்கம் திரும்பியதும் மாமாவின் முகமே மாறிவிட்டது. பழைய பைக் பற்றிப் பேசும்போது ஆண்களுக்கு வரும் முகம். "மூணு கம்பெனி வச்சிருந்தேன். எல்.ஜி ஒண்ணு, சாம்சங் ஒண்ணு, சோனி ஒண்ணு. ஒரே டவர்ல மூணும்."

மூன்று கம்பெனி என்று சொன்னாலும் அந்தக் காலத்தில் கதை சிக்கலானது. எல்.ஜி டிரைவ் என்பது ஹிட்டாச்சியும் எல்.ஜி-யும் சேர்ந்து நடத்திய கம்பெனியிலிருந்து வந்தது. சாம்சங் டிரைவ், தோஷிபாவும் சாம்சங்கும் கூட்டு. சோனி, என்.இ.சி-யோடு 2006-ல் கைகோத்து 'ஆப்டியார்க்' என்று பெயர் வைத்தது. தனித்தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாத அளவுக்கு விலை விழுந்துகொண்டே இருந்ததுதான் காரணம். கடையில் மூன்று பெட்டிக்கும் விலை வித்தியாசம் ஐம்பது, நூறு ரூபாய். பிறகு எதைப் பார்த்து வாங்குவது?

"வேகத்தப் பாத்துதான் எல்லாரும் வாங்குவாங்க. 16 எக்ஸ், 20 எக்ஸ், 22 எக்ஸ்னு வருஷத்துக்கு ஒண்ணு விடுவான். நான் எதுல வாங்குனாலும் 8-லதான் எழுதுவேன்" என்றார் மாமா.

இது வெறும் பழைய ஆள் பிடிவாதம் இல்லை, கணக்கு இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 22 எக்ஸ் என்பது தட்டின் வெளி விளிம்புக்கு வரும்போது மட்டுமே கிடைக்கும் வேகம். உள்பக்கத்தில் அதில் பாதிகூட இருக்காது. அதனால் ஒரு முழு டிஸ்க்கை எழுத 16 எக்ஸில் ஆறு நிமிடம் என்றால், 22 எக்ஸில் ஒரு நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். 8 எக்ஸில் ஒன்பது நிமிடம். ஒரு கல்யாணத்துக்கு இருபது செட், செட்டுக்கு இரண்டு என்றால் நாற்பது டிஸ்க். 8 எக்ஸில் ஒரே டிரைவ் என்றால் ஆறு மணி நேரம். மூன்று டிரைவ் என்றால் இரண்டு மணி நேரம். மாமா மூன்று வாங்கியதன் ரகசியம் அதுதான். வேகமான ஒன்றைவிட நிதானமான மூன்று.

அதிவேகத்தில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை நெருங்கும். அப்போது ஸ்டிக்கர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து ஒட்டியிருந்தாலும் தட்டு நடுங்கும். மாமாவின் தொழில் விதி: முதலில் எழுது, பிறகு ஒட்டு. "ஸ்டிக்கர் ஒட்டுறதே பாவம்தான். ஆனா மாப்ள வீட்டுல மூஞ்சி தெரியலைன்னா காசு குடுக்க மாட்டான்." இதற்கு மாற்றாக லேசராலேயே தட்டின் மேல்பக்கத்தில் படம் வரையும் 'லைட்ஸ்க்ரைப்' என்ற ஒன்றை ஹெச்.பி கொண்டுவந்தது. சில எல்.ஜி டிரைவ்களிலும் உண்டு. தட்டைத் தலைகீழாகப் போட வேண்டும், தனி டிஸ்க் வாங்க வேண்டும், ஒரு படம் வரைய பல நிமிடம் ஆகும், அதுவும் ஒரே நிறத்தில். கலர் போட்டோ கேட்கும் கல்யாண வீட்டில் அதை எப்படி விற்பது? மாமா ஒரே ஒரு முறை முயன்றிருக்கிறார்.

பிறகு மைனஸ், பிளஸ் சண்டை. டி.வி.டி மைனஸ் ஆர் 1997-ல் வந்தது. சில வருடங்கள் கழித்து, 2002-ல் பிலிப்ஸும் சோனியும் இன்னும் சிலரும் சேர்ந்து பிளஸ் ஆர் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே தட்டு போலத்தான் இருக்கும், 4.7 ஜி.பி-தான். ஆனால் ஒன்றை எழுதும் டிரைவ் மற்றதை எழுதாது. அதே 2002-ல் சோனி இரண்டையும் எழுதும் டிரைவை விட்டதும் சண்டையின் சூடு தணிந்தது. ஏம்பலத்தில் இந்தச் சண்டை வேறு ரூபத்தில் வந்தது. "எந்தத் தட்டுல எழுதினா பொண்ணு வீட்டு பிளேயர்லயும் ஓடும், மாப்ள வீட்டு பிளேயர்லயும் ஓடும்? அதான் எனக்கு வேணும். மைனஸ்லயே நின்னுட்டேன்" என்றார். பழைய பிளேயர்களில் மைனஸ் ஓடும் வாய்ப்பு அதிகம் என்பது அப்போது பொதுவாக எல்லோரும் சொன்ன அனுபவம். அந்த நாளில் வெற்று டிஸ்க் என்றால் நொய்டாவில் தயாரான மோசர் பேர். 1983-ல் தொடங்கிய கம்பெனி அது. உலகத்தின் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்து, நமக்குத் தமிழ்ப் படங்களையே குறைந்த விலைக்கு டி.வி.டி-யாக விற்று, 2018-ல் கலைத்துவிட உத்தரவாகும் நிலைக்குப் போனது. 

கரன்ட்டையும் மாமா விடவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அந்தத் தட்டு குப்பை. எங்கள் பக்கம் புதுச்சேரி ஊரும் தமிழ்நாட்டு ஊரும் பின்னிக்கிடக்கும், ஒரு தெரு தாண்டினால் மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2012-ல் கடும் மின்வெட்டு இருந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் இவர் கடைக்கு வந்து டிஸ்க் எழுதிப் போவார்களாம். "டீ செலவு அவங்களது."

கெட்டுப்போன தட்டுகள்? கத்திரித் தோட்டத்துக்கு. குருவி விரட்ட நூலில் கட்டித் தொங்கவிடுவதற்கு ஊரே வந்து வாங்கிப்போகும். வெயிலில் மினுமினுத்துச் சுற்றும் அந்தத் தட்டுகளில் யார் யாருடைய முகூர்த்தமோ.

"அந்த மூணு டிரைவ்ல ஒண்ணாவது இருக்கா மாமா?"

இருந்தது. மேஜைக்கு அடியில், பில் புத்தகங்களுக்குப் பின்னால், மூடி கழற்றிய பழைய டவர். இரண்டு டிரைவ்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒன்று மிச்சம். பட்டையான கேபிள் போட்டு மாட்டும் ஐ.டி.இ ரகம். "இதுலதான் உங்க அத்தை டிஸ்க்கு எழுதியிருக்கும்னு நெனைக்கிறேன். எழுதுன கைக்குத்தான் தன் எழுத்து புரியும், எடுத்துட்டுப் போ." இது விஞ்ஞானமா, பாசமா தெரியவில்லை. ஆனால் இந்தத் தடித்த டிரைவ்களுக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு. ஒல்லி டிரைவ், யு.எஸ்.பி கொடுக்கும் 5 வோல்ட்டை வைத்தே மோட்டார், லேசர் எல்லாவற்றையும் ஓட்டியாக வேண்டும். தடித்த டிரைவுக்குத் தனியாக 12 வோல்ட் வேண்டும், மோட்டாரும் உடம்பும் பெரிது. அதனால் நேரடியாக லேப்டாப்பில் மாட்டவும் முடியாது. சொந்த அடாப்டரோடு வரும் கன்வெர்ட்டர் ஒன்றைப் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தேடி வாங்கினேன்.

வீடியோவை ஓடவிட்டுப் பிடிப்பது வீண் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாது. எங்கெல்லாம் படிக்க முடியவில்லை என்று ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் பொறுமையாக முயலும். இதில் முக்கியமான வசதி, அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு டிரைவை மாற்றலாம். ஒரு டிரைவ் விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பும். நான்கு டிரைவ்களில் எது சிறந்தது என்ற கேள்வியே அங்கே மாறிவிடுகிறது.

முதலில் லேப்டாப் டிரைவ், அடுத்து நண்பரின் டிரைவ். நீல விளக்கு அள்ளியதில் புதிதாக ஒன்றுமில்லை. கடைசியாக மாமாவின் டிரைவை இரவு ஒன்பது மணிக்கு மாட்டினேன். கூடத்தில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஃபேனுக்கு நேராக. நின்று நின்று ஓடியது. சில நேரம் பத்து நிமிடத்துக்குச் சத்தமே இருக்காது, பிறகு ஒரு முனகல். காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தபோது முடிந்திருந்தது. 4 ஜி.பி-க்கு மேல் இருந்த டிஸ்க்கில் வராமல் போனது 7 எம்.பி சொச்சம்.

கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. வீடியோவில் அது பத்து நொடி.

எல்லோரையும் கூப்பிட்டு டி.வி-யில் போட்டேன். கார் வந்து நின்றது, அத்தை இரண்டு காலையும் தரையில் வைத்தார். வீடியோ முழுக்க மாமா சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார், தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மேலேயே ஒரு பாட்டு ஓடும். ஆரத்திக் காட்சியில் மட்டும் ஒன்றுமில்லை. அதை அவரிடமே கேட்டிருந்தேன். "கடைசி நேரத்துல பாட்டு சேக்க மறந்துட்டேன். அதுக்காக உங்க மாமா இருநூறு ரூபா புடிச்சிக்கிட்டாரு." அந்த இருநூறு ரூபாய் மறதியால்தான் ஆயாவின் குரல் பதிவானது. கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல். நடவுக்குப் போனவர்களுக்கு இருக்கும் அந்த நீட்டல். அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாவது அடியின் பாதியில் படமும் குரலும் அறுந்து, பத்து நொடி கழித்துத் திரும்ப வந்தது. மீதிப் பாட்டு முழுசாக இருந்தது.

அந்தப் பத்து நொடிக்குள் ஓர் அடி போய்விட்டது. வீடியோவில் தட்டு சுற்றிய எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டி வந்தோம். இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் யோசிக்காமல் ஓர் அடி சொன்னார். அத்தை, "அது வேற பாட்டுக்கா, நலங்குக்குப் பாடுறது" என்றார். பெரியம்மா மூன்றாவதாக ஒன்று சொன்னார். மூன்றையும் எழுதிவைத்திருக்கிறேன். அக்கா கல்யாணத்தில் அத்தை வாசலில் முன்னால் நின்று, தட்டை எடுத்து, தன் அடியைத்தான் பாடினார். எதிர்வீட்டு அம்மா கூட்டத்திலிருந்து, "அது இல்லடி" என்றது அக்காவின் வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அக்காவின் வீடியோ பென் டிரைவில் வந்தது. மீட்டெடுத்த அத்தை வீடியோவையும் அதில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். கிளவுட் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மூன்று வருடம் முன்பு நான் எழுதிய செய்திகளின் லிங்க்கே இன்று திறப்பதில்லை. ஆயிரம் வருடம் தாங்கும் என்று விளம்பரம் செய்யப்படும் 'எம்-டிஸ்க்' என்றொரு தட்டு உண்டு. சாயத்துக்குப் பதில் கல் போன்ற ஒரு படலம் இருக்கும். இன்றைக்கு விற்கும் வெளி டிரைவ்கள் சிலவற்றில் அதை எழுதும் வசதி இருக்கிறது. டிரைவ் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் தேட வேண்டியது அதைத்தான், யு.எஸ்.பி 3.0-வை அல்ல. ஆயிரம் வருடம் கழித்து அதைப் படிக்க டிரைவ் எங்கே இருக்கும் என்பது தனிக் கேள்வி. ஏம்பலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பல நூற்றாண்டு நூல்களைத் தாங்கிய சைவ ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2005-ல் அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றைப் படிக்க டிரைவ் வேண்டாம், கண்ணும் எழுத்தும் தெரிந்தால் போதும். அவையும் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்ததால் பிழைத்தவைதான்.

உங்கள் வீட்டு டிஸ்க்கை எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக, மெல்லிய பருத்தித் துணியால். ஸ்டிக்கர் உரிந்துகொண்டிருந்தால் பிய்த்து எடுக்க வேண்டாம், அப்படியே குறைந்த வேகத்தில் படியுங்கள். ஒரு டிரைவ் கைவிட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் கேளுங்கள். விலைக்கு வாங்குவதற்கு முன் அதைச் செய்வது நல்லது.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. போன வாரம் ஊரிலிருந்து கிளம்பும்போது பையில் பதினான்கு டிஸ்க். மூன்று காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு வளைகாப்பு, வில்லியனூர் தேர்த் திருவிழா என்று மார்க்கரில் எழுதிய ஒன்று, மீதி எல்லாம் கல்யாணம். ஒன்றில் எதுவுமே எழுதியில்லை. அதைக் கொடுத்த தாத்தா, "என்ன இருக்குன்னு எனக்கும் தெரியல, நீயே பாத்துச் சொல்லும்மா" என்றார். ஸ்டுடியோ மாமாவின் டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை.